கர்த்தருக்கு வழி சொன்ன மாஸ்டர்

டிரைவிங் ஸ்கூலில் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் பின்னாலேயே வந்து வீட்டிலும் தெருவிலும் சபையிலும் ஒட்டிக்கொண்டது. ஓட்டப் பழகுகிறவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார, இவர் பக்கத்து இருக்கையில் உட்காருவார். பழகும் காரில் அந்தப் பக்கத்துக் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தப்புப் பண்ணினால் மிதிப்பதற்காக வைத்தது. நம் மாஸ்டர் தப்புப் பண்ணுவதற்கு முன்பே மிதிப்பார். எதிரே ஒரு காகம் உட்கார்ந்திருந்தாலும் மிதிப்பார். அவரிடம் பழகினால் லைசென்ஸோடு கழுத்துவலியும் இலவசம் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் காதிலும் அது விழுந்ததுதான். ஆனால் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி, அவர் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டே இருந்தார். தன்னிடம் படித்த ஒருவரும் இதுவரை எதன் மேலும் மோதியதில்லை என்பது அவருடைய பெருமை. மோத வேண்டுமானால் முதலில் வண்டி நகர வேண்டுமே என்று அவருடைய மனைவி சொல்வாள்.

இப்படிப்பட்டவர் தினமும் விடியும் முன் எழுந்து செய்கிற முதல் வேலை, எல்லாவற்றையும் ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுப்பது. இதைச் சொல்லும்போது இன்றைக்கு அவருக்கே சிரிப்பு வந்துவிடும். "பாரத்தைத் தூக்கி அவர் மேல வச்சேன். காலை மட்டும் எடுக்காம பிரேக் மேலயே வச்சுக்கிட்டேன்" என்பார்.

அவர் வீடு ஓர் அடுக்குமாடியின் இரண்டாவது தளத்தில் இருந்தது. முன்னறை, படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சமையலறை, அவ்வளவுதான். மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டதால் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு மர நாற்காலி. அதில் முகம் கழுவிய ஈரத்தோடு உட்கார்ந்து, மடியில் வேதப்புத்தகத்தை விரித்து ஓர் அதிகாரம் வாசிப்பார். பிறகு கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்குவார். குறை சொல்ல முடியாது, மனசு நிறைந்துதான் தொடங்குவார். ஸ்தோத்திரம், துதி, நேற்றைய பாதுகாப்புக்கு நன்றி என்று எல்லாம் முறைப்படி நடக்கும். அதற்கப்புறம்தான் தொழில் புத்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"ஆண்டவரே, அக்காவோட நெஞ்சு. அதை முதல்ல பாரும். ஆபரேஷனுக்கு அந்தக் கண்ணாடி போட்ட டாக்டரே இருக்கட்டும், அவர் பொறுமையாப் பேசுறார். அவருக்கு லீவு வராமப் பாத்துக்கும். அப்புறம் மச்சான், இவ தம்பி, அவனோட வேலை. நேத்து சொன்ன கம்பெனி வேணாம், அது தூரம். பக்கத்துல அந்த குடோன் போதும். மேனேஜர் மனசை இளகப் பண்ணும். மெதுவாப் பண்ணும், அவசரமே இல்ல. ஆனா இந்த வாரத்துக்குள்ள பண்ணும்."

ஒருநாள் படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, கர்த்தருக்கும் டிரைவிங் கத்துக் குடுக்கிறீங்களா?"

மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. "ஆண்டவரே, கேலி பண்றவங்களையும் மன்னியும்" என்று சேர்த்துக்கொண்டார்.

சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டில் ஒரு தபால்காரர் குடியிருந்தார். அவர் சபைக்குப் போகிறவர் இல்லை, ஆனால் மாஸ்டர் குடும்பத்தின் சங்கதிகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மாடிப்படியில் பார்த்தால், "மாஸ்டர், மச்சானுக்கு அந்த குடோன் வேலை என்னாச்சு?" என்று கேட்பார். மாஸ்டருக்கு முகம் சுருங்கும். இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சாட்சியாக இருக்கிறோம் என்று மனசைத் தேற்றிக்கொள்வார்.

மனைவியின் ஜெபம் வேறு ரகம். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி உரசிப் பொருத்துவாள். காலையில் சமையலறை ஜன்னல் பக்கம் நின்று தலையை முடிந்துகொண்டே, "அப்பா, இன்னைக்கும் கூடவே இருங்க" என்பாள். கொண்டை முடிவதற்குள் ஜெபமும் முடிந்துவிடும். மாஸ்டர் அதற்கு எல் போர்டு ஜெபம் என்று பெயர் வைத்திருந்தார். பழகப் பழகத் தேறிவிடுவாள் என்று எண்ணிக் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தார்.

அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் ஒருமுறை முயன்றதுண்டு. சொந்தக் கார் பழையது, சின்னது, அதில் இவர் பக்கம் பிரேக் கிடையாது. அதனால் ஸ்கூல் காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரவல் வாங்கி வந்தார். தெருமுனை திரும்புவதற்குள் அவர் மிதித்த மிதியில் அவள் நெற்றி ஸ்டியரிங்கைத் தொட்டுத் தொட்டு வந்தது. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். நடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் சபையில் போதகர் ஒரு யோசனை செய்தார். காலையைக் கர்த்தரோடு தொடங்குவது எப்படி என்று சபையார் ஒருவரே எழுந்து பேசினால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. "மாஸ்டர், உங்களை விட்டா ஆளில்ல" என்றார். மாஸ்டருக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். ஞாயிறு ஆராதனையில் எழுந்து பிளந்து கட்டினார். "காலையில எழுந்ததும் ஸ்டியரிங்கை அவர் கையில குடுத்திடுங்க. குடுத்துட்டுப் பக்கத்து சீட்ல நிம்மதியா உக்காருங்க" என்றார். நாலைந்து பேர் ஆமென் என்றார்கள். ஒரு மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி மட்டும் பெஞ்சில் குனிந்து கைப்பையில் எதையோ ரொம்ப நேரம் தேடினாள். சிரிப்பை அடக்கினாள் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்தபோது முந்தின நாள் பேச்சின் சூடு இன்னும் அவர் உடம்பில் இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தார். ஜெபம் உருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. "ஆண்டவரே, இனிமே எதைப் பத்தியும் கவலைப்பட மாட்டேன். எல்லாத்தையும் உம்மகிட்ட விட்டுட்டேன்" என்று சொல்லும்போதே சமையலறையில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பால்! ஆமென் சொல்லவில்லை. கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. ஓடினார். நிலைப்படி பக்கத்தில் கிடந்த சின்ன முக்காலியில் வலது கால் மாட்டி முறுக்கிக்கொண்டது. 'டக்' என்று ஓர் ஓசை. மரமா எலும்பா என்று யோசிக்கும்போதே தரையில் கிடந்தார்.

தலையைத் தூக்கிப் பார்த்தால், மனைவி அடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பால் பொங்கி வழியும் முன்பே அணைத்திருந்தாள். ஈரக் கரண்டியைச் சூடான அடுப்புத் தட்டில் வைத்த சத்தம்தான் அந்த 'ஸ்ஸ்'.

"நான்தான் இங்க நிக்கிறேனே" என்றாள்.

கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்கூலில் அவர் இடத்துக்கு வேறு ஆளை வைத்தார்கள். பழகுகிறவர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். ஒருவராவது வருத்தப்பட்ட மாதிரி அவருக்குத் தெரியவில்லை. ஒரு பெண், "மாஸ்டர், புது மாஸ்டர்கிட்ட நான் நாலாவது கியர் போட்டுட்டேன்!" என்று சந்தோஷம் பொங்கச் சொன்னாள். நாலாவது கியர் என்று ஒன்று இருப்பதே இவர் மாணவர்களுக்கு அதுவரை வதந்திதான்.

சபையார் பழங்களோடு வந்தார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "குளியலறையில வழுக்கிடுச்சு" என்றார். கவலைப்பட மாட்டேன் என்று ஜெபித்த வாயோடு பாலுக்காக ஓடி விழுந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஜெபத்தில் தொடங்கிப் பொய்யில் முடிந்த முதல் கால் உடைப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்போது சிரிப்பு வரவில்லை. காலை ஜெபம் முறையீடாக மாறிப்போனது. ஏன் ஆண்டவரே, எதற்கு ஆண்டவரே, என்று ஆரம்பித்துச் சலிப்பில் பாதியில் நிற்கும். சில நாள் நாற்காலிக்கே போகவில்லை. தபால்காரர் கதவைத் தட்டி, "என்ன மாஸ்டர், ரெண்டு நாளாச் சத்தத்தையே காணோம். வேலைக்குக் கிளம்ப லேட்டாகுது, எனக்கு அதுதான் அலாரம்" என்றார்.

ஒரே ஒரு வேண்டுதலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் ஆபரேஷன், தன் காலில் கட்டுப் பிரித்த பிறகே நடக்க வேண்டும். தாய் தகப்பன் போன பிறகு அவரை ஆளாக்கியவள் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், ஒரு தொழிற்சாலை உணவகத்தில் பெரிய பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டித் தம்பியைப் படிக்க வைத்தவள். மலைபோல இருந்தவளுக்கு இப்போது நெஞ்சில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. நெடுஞ்சாலையில் பக்கத்து நகரத்துக்குப் போனால் அங்கே அவளுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி. "ஆண்டவரே, நான் பக்கத்துல நிக்கணும். அதுக்குத் தக்கபடி தேதியைத் தள்ளிவையும்" என்று தினமும் சொல்லிவந்தார்.

ஒரு மழைநாள் விடியற்காலையில் போன் அடித்தது. அக்காதான்.

"டேய், இன்னைக்கே பண்றாங்களாம்டா. எனக்கு முன்னாடி இருந்த ஆளுக்குக் காய்ச்சல். அவரைத் தள்ளிட்டு என்னை முன்னாடி ஏத்திட்டாங்க."

"இன்னைக்கா? அந்தக் கண்ணாடி டாக்டர்தானே?"

"அவர் லீவாம். வேற யாரோ. சரி, நீ வராத, காலை ஒடிச்சுக்கிட்டுக் கிடக்கிற." வைக்கிறேன் என்றவள் வைக்கவில்லை. "வந்தா நல்லா இருக்கும்."

மாஸ்டருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவ்வளவு தெளிவாக வழி சொல்லியும் ஒரு திருப்பத்தில்கூடக் கர்த்தர் அவர் சொன்ன பக்கம் திரும்பவில்லை. தேதியும் போச்சு, டாக்டரும் போச்சு. தெரிந்த டாக்சிக்காரருக்குப் போன் போட்டார். தண்டவாளத்துக்குக் கீழே போகும் சாலையில் தண்ணீர் நிற்கிறது, தாண்டி உங்கள் பக்கம் வர முடியாது, விடிந்து பார்க்கலாம் என்று அவர் வைத்துவிட்டார். தபால்காரரிடம் சைக்கிள்தான் உண்டு. மாஸ்டர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு முன்னறை நடுவில் நின்றார், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்.

மனைவி ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். "கிளம்புங்க. நான் ஓட்டறேன்."

"எதை?"

"காரைத்தான். வேற எதை?"

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!"

"தெரியும். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகப்போகுது." சட்டையை எடுத்து நீட்டினாள். "மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போய்க் கத்துக்கிட்டேன். கூலிங்கிளாஸ் மேடம்கிட்ட."

மாஸ்டருக்குக் கால்வலி மறந்துபோனது. கூலிங்கிளாஸ் மேடம் என்பது எதிர்த் தெருவில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மா. மழையிலும் கறுப்புக் கண்ணாடி, காரில் பாட்டு, பழகுகிறவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே கற்றுக்கொடுக்கிற ரகம். அது ஸ்கூலா, பிக்னிக்கா என்று இவர் ஊரெல்லாம் கேலி பண்ணியிருக்கிறார். அந்தக் கறுப்புக் கண்ணாடியே தன் மனைவி பொருத்திக் கொடுத்ததுதான் என்பது அவருக்குத் தெரியாது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டக் கத்துக்கிட்டா வண்டியை நிறுத்தத்தான் கத்துக்குவேன். எனக்கு ஓட்டக் கத்துக்கணும்னு இருந்தது." ஊன்றுகோலை அவர் கக்கத்தில் செருகினாள். "சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். அண்ணி காத்துக்கிட்டிருக்காங்க."

வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, சத்தம் கேட்டு வந்த தபால்காரர் தோளைப் பிடித்து மாடிப்படி இறங்கினார். அவரைப் பக்கத்து இருக்கையில் ஏற்றி, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கட்டுக்காலை நீட்டிவைத்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்து, இருக்கையை முன்னே இழுத்து, பெல்ட்டை மாட்டினாள். அதையெல்லாம் வரிசை தப்பாமல் செய்ததில் மாஸ்டருக்கு ஒரு சின்ன ஏமாற்றம். வண்டி நகர்ந்தது. இண்டிகேட்டரும் போட்டாள்.

தெருமுனையில் ஒரு பால் வண்டி குறுக்கே வந்தது. மாஸ்டரின் வலது கால் தன்னால் மிதித்தது. அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை, வெறும் தரைதான். உச்சந்தலை வரை வலி ஏறி, "ஆ!" என்று கத்தினார். அவள் நிதானமாக வேகத்தைக் குறைத்துப் பால் வண்டிக்கு வழி விட்டாள். அடுத்த முனையில் ஒரு நாய். மறுபடி மிதித்தார், மறுபடி கத்தினார்.

"வலிச்சா அழுத்தாதீங்க. அங்க ஒண்ணும் இல்ல" என்றாள் சாலையைப் பார்த்தபடி.

"நான் எங்க அழுத்தறேன்? அதுவா அழுத்துது."

கால் சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்கவில்லை. இடது பக்கம் பார், வைப்பரை வேகமாகப் போடு, ரெண்டாவது கியருக்கு வா, ஹார்ன் அடி, ஏன் ஹார்ன் அடிக்கிறாய், என்று ஊரைத் தாண்டும் வரை ஒரு நிமிஷம் ஓயவில்லை. நெடுஞ்சாலையில் ஏறும் முன் ஒரு மேம்பாலம். மழையில் வண்டிகள் தேங்கி, பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டன. முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ். லாரி நகர்ந்தது. அவள் கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டிருந்த நேரம் மாஸ்டர் தொண்டை கிழிய, "ஹேண்ட் பிரேக்! ஹேண்ட் பிரேக்!" என்று கத்தினார். அவள் திடுக்கிட்டுக் காலை எடுத்துவிட்டாள். இன்ஜின் துள்ளி நின்றது. கார் ஒரு முழம் பின்னால் உருண்டது. பஸ் அலறியது.

அவள் பிரேக்கைப் பிடித்தாள். ஒரு மூச்சு விட்டாள். மறுபடி கிளப்பி, பதறாமல் ஏற்றத்தைத் தாண்டி இறங்கினாள். பாலத்தின் அடியில் பூட்டிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தி அணைத்தாள். மழை கூரைத் தகட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் போல இறங்கி நடந்துவிடுவாளோ என்று மாஸ்டர் அவள் பக்கத்துக் கதவையே பார்த்தார்.

"இங்க பாருங்க," என்றாள். குரல் உயரவில்லை. "ஒண்ணு நீங்க ஓட்டணும், இல்ல நான் ஓட்டணும். ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்ட முடியாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. மழையில நெடுஞ்சாலையில நான் ஓட்டினதே இல்ல. நீங்க கத்தக் கத்த எனக்கு ரோடே தெரிய மாட்டேங்குது."

அவள் முகத்தை அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் பார்த்ததெல்லாம் கால்களைத்தான்.

"அப்போ நான் என்னதான் பண்றது?"

"சும்மா உக்காருங்க."

"ஜெபம் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க. மனசுக்குள்ள பண்ணுங்க. வழி மட்டும் சொல்லாதீங்க. எனக்கும் சொல்ல வேணாம், அவருக்கும் சொல்ல வேணாம்."

சாவியைத் திருப்பினாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பழக்க தோஷம், உள்ளுக்குள் 'ஆண்டவரே, முதலில் அந்த லாரியை' என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். 'அக்காவுக்கு' என்று ஆரம்பித்தார். அக்காவுக்கு என்ன கேட்பது? டாக்டர் யாரென்று தெரியாது. வால்வு எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. வழி தெரியாத ஊரில் வழி சொல்ல முடியாதே. 'எனக்கு ஒண்ணும் தெரியல ஆண்டவரே, நீரே ஓட்டும்' என்றார். சபையில் அத்தனை பேர் முன்னால் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இப்போது ஆமென் சொல்ல ஆளில்லை, வைப்பர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பிறகு நடந்ததுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய அதிசயம். மாஸ்டர் தூங்கிப்போனார்.

எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர், வாயைப் பிளந்து, பெல்ட்டில் எச்சில் ஒழுகத் தூங்கினார். லாரிகள் போயின, சுங்கச்சாவடி போனது, மழையும் விட்டது. தோளைத் தட்டியபோதுதான் விழித்தார். முன்னால் ஆஸ்பத்திரியின் வாசல்.

"வந்தாச்சு."

"நான் தூங்கலியே. ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"ஆமா, குறட்டை விட்டு" என்றாள்.

சக்கர நாற்காலியில் வைத்து அவரை மேலே கொண்டுபோனார்கள். அக்காவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, தலையில் பச்சைத் தொப்பி மாட்டி, ஆபரேஷன் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். அண்டாவைத் தனியாளாக இறக்கிய கைகள் போர்வைமேல் மெலிந்து கிடந்தன. தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "யார்டா ஓட்டிக்கிட்டு வந்தது?"

"இவதான்."

அக்கா நம்பாமல் தம்பி மனைவியைப் பார்த்தாள். "நீயா? இவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டா? ஆபரேஷன் உனக்குத்தான் பண்ணணும்."

நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது என்றாள். அக்கா கையை நீட்டித் தம்பி கையைப் பிடித்தாள். "ஜெபம் பண்ணுடா. சீக்கிரம்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் தண்ணீர்பட்ட பாடாக வந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. நர்ஸ் காத்து நின்றாள். கடைசியில், "ஆண்டவரே, அக்கா உள்ள போறா. எங்களுக்குப் பயமா இருக்கு. நீர் கூடப் போம்" என்றார். அவ்வளவுதான் வந்தது. "ஆமென்" என்றாள் மனைவி. நர்ஸும் உதட்டுக்குள் என்னவோ சொன்னாள்.

அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். "இவ்வளவுதானா? போன்ல அரை மணி நேரம் பண்ணுவியே."

"வரலக்கா."

"போதும்டா. இதாவது எனக்குப் புரிஞ்சுது" என்றாள். தள்ளுவண்டி உள்ளே போய், கதவு மூடிக்கொண்டது.

ஆபரேஷன் முடிந்தது என்று ஒரு டாக்டர் வந்து சொன்னார். பொறுமையாகப் பேசுகிறவர் இல்லை. முகமூடியைக் கழற்றாமலே ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அன்றைக்கு அக்கா கண் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. பார்க்கலாம் என்றார்கள். அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லோடு புருஷனும் பெண்டாட்டியும் தாழ்வாரத்து பெஞ்சில் கிடந்தார்கள். ரொட்டியும் காபியும் வாங்கிவந்து ஒருவருக்கொருவர் ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தார்கள். விடியும்போது அவர் வழக்கம்போலக் கண்ணை மூடுவார். கேட்பதற்கு ஒன்றும் தெரியாததால் அதையே சொல்லிவிட்டு, மனைவி தோளில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அது விசுவாசமா, களைப்பா என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குப் பதில் தெரியாது. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. பயத்தோடு தனியாக இல்லை என்று மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள் அக்கா கண்ணைத் திறந்தாள். முதலில் தண்ணீர் கேட்டாள். அடுத்ததாக, அந்த ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை என்றாள். பிழைத்துக்கொண்டாள் என்று அப்போதுதான் மாஸ்டர் நம்பினார். தாழ்வாரத்துக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி அழுதார். எல்லோரும் பார்த்தார்கள்.

உடம்பு தேறும்வரை அக்காவைத் தங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். போதகர் பார்க்க வந்தவர், தூங்கிய கதையைக் கேட்டு நெகிழ்ந்துபோனார். "புயல் அடிக்கும்போது ஆண்டவர் படகுல தூங்கினாரே, அந்த மாதிரி சமாதானம் மாஸ்டர் அது! வர்ற ஞாயிறு இதையே சாட்சியாச் சொல்லுங்க" என்றார்.

மாஸ்டர் நெளிந்தார். "ஐயா, ஆண்டவர் வலி மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்கலையே. நான் ரெண்டு போட்டிருந்தேன்." கொஞ்சம் யோசித்து, "இன்னொண்ணு ஐயா. நான் குளியலறையில வழுக்கி விழல" என்று பால் கதையையும் சொல்லிவிட்டார். போதகர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவரோரம் படுத்திருந்த அக்கா, "டேய், சிரிக்க வைக்காத, தையல் இழுக்குது!" என்று கத்தினாள். சாட்சி சொல்லும் வாய்ப்பு வேறொருவருக்குப் போனது. கொஞ்சம் வருத்தம்தான், மறைப்பானேன்.

அவர் அடியோடு மாறிவிட்டார் என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். கால் தேறி வேலைக்குத் திரும்பியாயிற்று. காலை நாற்காலியில் உட்கார்ந்தால், பாதி நாள் வழி சொல்லத் தொடங்கிவிடுவார். அக்கா முன்னறையில்தான் படுத்திருந்தாள், போர்வைக்குள்ளிருந்து "அது அவருக்குத் தெரியும்டா, அடுத்ததுக்கு வா" என்பாள். அடுத்தது என்று பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அப்புறம் ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னல் வெளுக்கும். மச்சானுக்கு வேலை கிடைத்தது, குடோனில் இல்லை, இவர் வேண்டாம் என்று சொன்ன அந்தத் தூரத்துக் கம்பெனியில். தபால்காரர்தான் பாவம், புதிதாக ஓர் அலாரம் வாங்கினார்.

காரை இப்போது மனைவி எடுத்துக்கொண்டு போகிறாள். அவள் கடைப்பக்கம் பஸ் போகாது, இவருடைய டிரைவிங் ஸ்கூலுக்குப் பஸ் உண்டு என்பது அவள் சொன்ன நியாயம். அவர் பஸ் பாஸ் எடுத்துக்கொண்டார்.

அக்கா தன் வீட்டுக்குத் திரும்பிப் போன மறுநாள், வீட்டில் மனசு ஒட்டாமல் ஜெபம் பாதியிலேயே நின்றுபோனது. மீதியைப் பஸ் ஸ்டாப்பில் முடித்துக்கொள்ளலாம் என்று வந்தார். நிழற்குடையின் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடினார். அக்காவை நினைத்துக்கொண்டார். அவள் தனியாக இருக்கிற வீட்டை, அவள் ஏறி இறங்குகிற படிகளை நினைத்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது.

"ஐயா," என்று தினமும் அங்கே நிற்கிற ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள். "உங்க பஸ்தானே அது? நின்னுட்டுப் போயிடுச்சே."

திரும்பினால், பஸ்ஸின் பின்பக்கம் முனையில் மறைந்துகொண்டிருந்தது. "பரவாயில்லம்மா" என்று புன்னகைத்தார். உள்ளுக்குள் வந்த வார்த்தை ஜெபத்தில் சேர்க்கக்கூடியது இல்லை. அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அடுத்த பஸ் வர நேரம் இருந்தது. பெஞ்சில் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.